பல மரம் கண்ட தச்சன்

சென்னை நகரின் மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், வில்லிவாக்கத்திற்கும் பட்டரவாக்கத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் கொரட்டூர். ஊருக்கு ஒருபுறம் பெரிய ஏரி. மறுபுறம் பாடியும் அம்பத்தூரும் சார்ந்த தொழிற்சாலைகள். அவ்வூரில் எங்கள் தெருவிலேயே வாழும் மாணவர் ஒருவர், சென்ற கோடையில் ஒரு மாலை, என்னைக் காண வந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நன்மதிப்பெண்கள் பெற்றுத் தேறியவர். அவர் கையில் நான்கு விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. ஒன்று பொறியியற் கல்லூரிக்கு. மற்றொன்று கணிதம் பயிலக் கலைக் கல்லூரிக்கு. மூன்றாவது ஓவியம் கற்கக் கவின்கலைக் கல்லூரிக்கு. நான்காவது இசைக் கல்லூரிக்கு.

நான்கும் பேராசையால் வாங்கியவை அல்ல. அவர் கணக்கில் வல்லவர். ஏரிக்கரையில் அமர்ந்து அவர் தீட்டிய நாரைகளின் படங்களை நானே கண்டிருக்கிறேன். எட்டு வயது முதல் மிருதங்கம் பயின்றவர். தந்தையார் அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்சாலையின் டூல் ரூமில் பணியாற்றுபவர். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன. ஆகவே ஒருமுறை தேர்ந்து பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதி அக்குடும்பத்திற்கு எளிதன்று.

"ஐயா, இவற்றுள் எதை நிரப்புவது என்பது எனக்கு விளங்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தால் மற்ற மூன்றையும் நானே கொன்றவன் ஆவேனோ என்று அஞ்சுகிறேன்" என்றார் அவர்.

அன்று அவருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. என் இளமையில் நானும் இதே இடத்தில் நின்றவன். வேதியியல் பயின்றேன், வயலின் கற்றேன், செய்யுளும் இயற்றினேன். எதையும் கைவிட மனமின்றி எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் செய்துவந்தேன். இன்று என் வயலின் பெட்டியைத் திறந்து பல்லாண்டுகள் ஆகின்றன. யாரும் என்னைத் தடுக்கவில்லை. காலமே என் பொருட்டுத் தேர்ந்துவிட்டது. நாம் தேராதிருந்தால் தேர்வு நிகழாமற் போவதில்லை. நம்மைக் கேளாமல் நிகழ்கிறது. அவ்வளவே வேறுபாடு. ஆகவே, அம்மாணவருக்கு அன்று கூற இயலாததை, எண்ணிப் பார்த்தபின் இன்று உங்கள் எல்லோருக்குமாகக் கூற முற்படுகிறேன்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைச் சோம்பேறித் தச்சனைப் பழிப்பதற்கென்றே பலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. மரத்தின் இயல்பறியாதவன் காட்டினுள் புகுந்தால் முதலிற் கண்ட மரத்தையே வெட்டிவிடுவான். அவனுக்குத் தயக்கம் இராது. தொழில் தெரிந்தவனுக்கே ஒவ்வொரு மரத்திலும் ஒரு நலம் தோன்றுகிறது. இது தூணுக்காகும், அது கதவுக்காகும் என்று அவன் கண் காண்கிறது; கை தயங்குகிறது. எனவே அத்தயக்கம் அறியாமையின் விளைவு அன்று, அறிவின் விளைவேயாகும். பல திறமை உடைய இளைஞன் ஒரு வழியைத் தேர இயலாமல் நிற்பதும் அத்தகையதே. அவனை மனவுறுதி இல்லாதவன் என்று ஏசுவது முறையன்று. ஆயினும், மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பினால், தச்சனின் அறிவினால் யாருக்கு என்ன பயன்?

இத்தயக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

முதற்காரணம் இழப்பைப் பற்றிய அச்சம். ஒரே திறமை உடையவனுக்கு வழி ஒன்றே. அவன் இழப்பதற்கு ஏதும் இல்லை. நான்கு திறமை உடையவனோ ஒன்றைப் பெறுவதற்கு மூன்றை இழப்பதாக எண்ணுகிறான். பெறுவது ஒன்றாகவும் இழப்பது மூன்றாகவும் தோன்றும்போது எந்த மனம்தான் துணியும்?

இரண்டாம் காரணம் புகழ். இளமையில் எத்துறையிலும் தொடக்க வெற்றி எளிதில் கிட்டுகிறது. பள்ளி ஆண்டு விழாவில் பாடினால் பரிசு. படம் வரைந்தால் பாராட்டு. பேச்சுப் போட்டியிலும் ஒரு கோப்பை. தொடக்கத்தின் இன்பம் இனிது. அதன்பின் வரும் நெடிய, சுவையற்ற, யாரும் கை தட்டாத பயிற்சியோ கடிது. ஒரு துறையில் அக்கடுமை தொடங்கியவுடன் மற்றொரு துறையின் தொடக்க இன்பத்தை நாடி ஓடுவது பல திறமை உடையவனுக்கு மட்டுமே இயலும். அதுவே அவனுக்கு நேரும் பெரிய இடர்.

மூன்றாம் காரணம் பிறர் சொல். "உனக்குள்ள அறிவுக்கு இதுவா?" என்பார் ஒருவர். "இந்தக் கைத்திறன் வீணாகலாமா?" என்பார் மற்றொருவர். இருவரும் அன்பினாலேயே கூறுகின்றனர். ஆனால் இருவர் சொல்லையும் கேட்பவன் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என நிற்கிறான்.

இங்கே ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்த்தல் நலம். பாடம், உணவு, உறக்கம், பயணம் எல்லாம் போக ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எஞ்சுவதாகக் கொள்வோம். அதனை நான்கு கலைகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் கிடைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 274 மணி. அம்மூன்றில் இரண்டு மணியை ஒரே துறைக்கு அளித்தால் ஆண்டுக்கு 730 மணி ஆகிறது. ஐந்தாண்டுகளில் முன்னது 1,370 மணி அளவில் நிற்கும்; பின்னது 3,650 மணியை எட்டும். மேலும் ஒரு மணி நேரம் ஏனைய கலைகளுக்காக எஞ்சியே இருக்கும். ஒன்றைத் தேர்தல் என்பது மற்றவற்றைக் கொல்வதன்று. ஒன்றுக்கு மிகுதியும் மற்றவற்றுக்குக் குறைவும் அளிப்பதே. இதனை அம்மாணவர் உணரவில்லை. அவர் வயதில் நானும் உணரவில்லை.

ஆயினும், கணக்கு மட்டும் மனத்தைத் தேற்றாது. எனவே, வாழ்ந்து காட்டிய பெரியோர் சிலரைப் பார்ப்போம்.

தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-ஆம் ஆண்டில் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர் இசைக் குடும்பத்தில் தோன்றியவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். மகனும் இசையில் தேர வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழ்மேல் தணியாத காதல். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்த காலத்தில், அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் இசையும் பயிலத் தொடங்கினார் சாமிநாதர். ஒரே ஊரில் இரு பெரும் ஆசிரியர்கள். இரண்டிலும் தேர்ச்சி பெறும் ஆற்றல் உள்ள ஒரே மாணவர். இதைவிட நற்பேறு உண்டோ என்று நமக்குத் தோன்றும்.

ஆனால் செய்தி மகாவித்துவானுக்கு எட்டியது. இசைப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஆழ்ந்து செல்லாது என்பது அவர் கொள்கை. அதனை அவர் கூறக் கேட்டபின் மாணவர் இசைப்பாடத்தை நிறுத்திவிட்டார். இதனை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. பதினாறு பதினேழு வயது இளைஞர் ஒருவர், தந்தையின் ஆசையையும், தம் குரலின் இன்பத்தையும், ஒரு பேராசிரியரின் அருகாமையையும் ஒருங்கே விட்டார். அவ்விழப்பு உண்மையானது. ஒன்றைத் தேர்ந்தால் எதையும் இழக்க வேண்டியதில்லை என்று உங்களிடம் யாரேனும் கூறினால் நம்பாதீர்கள். விலை உண்டு. அவ்விலையைக் கொடுக்கத் துணிந்தவரே வழியைப் பெறுகிறார்.

ஆனால் இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிக் கூறினார். முதலியாரோ, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவிச் சீவக சிந்தாமணியைச் சுட்டினார். தமிழைத் தேர்ந்துவிட்டோம் என்று எண்ணியிருந்தவருக்கு அன்றுதான் தமிழில் தாம் செய்ய வேண்டிய பணி எதுவென்று தெரிந்தது. ஏழாண்டு உழைப்பின்பின் 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அப்பணி தொடர்ந்தது.

இப்பொழுது கைவிட்ட இசை என்னவாயிற்று என்று கேளுங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இசையும் கூத்தும் பற்றிய நுண்செய்திகள் செறிந்தது. இசைச் சூழலில் பிறந்து வளர்ந்த ஒருவர் அதனைப் பதிப்பிக்க நேர்ந்தது தமிழின் நற்பேறு. பிற்காலத்தில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைவாணர்களின் வரலாறுகளை எழுதினார். விடப்பட்ட இசை அழியவில்லை. அது காத்திருந்து, தேர்ந்த பணிக்கு ஏவல் செய்ய வந்தது.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. "என் திறமைகளுள் எது சிறந்தது?" என்று நாம் கேட்கிறோம். அது விடை இல்லாத கேள்வி. தச்சனிடமே திரும்பிச் செல்வோம். தேக்குச் சிறந்ததா, பலாச் சிறந்ததா, ஆச்சாச் சிறந்ததா என்று அவனைக் கேட்டால், "எதற்கு?" என்றே அவன் திருப்பிக் கேட்பான். கதவு செய்யத் தேக்கு வேண்டும், வீணைக்கும் மிருதங்கத்திற்கும் பலா, நாகசுரத்திற்கு ஆச்சா. செய்யும் பொருள் இன்னதென்று முடிவாகிவிட்டால் மரம் தானே முடிவாகிவிடும். செய்யும் பொருளைத் துணியாமல் காட்டில் நின்று மரத்தை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவனே ஒரு மரமும் வெட்டாமல் திரும்புகிறான். ஆகவே திறமைகளுள் ஒன்றைத் தேராதீர்கள். பணிகளுள் ஒன்றைத் தேருங்கள். தேர்ந்த பணி தனக்கு வேண்டிய திறமைகளைத் தானே அழைத்துக்கொள்ளும்.

இதற்கு மற்றொரு சான்று சர் சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டு வாழ நம் நாட்டில் வழி அரிது. எனவே அரசின் நிதித்துறைத் தேர்வு எழுதி வென்று, கல்கத்தாவில் உதவிக் கணக்குத் தலைவர் பதவியேற்றார். உயர்ந்த பதவி, நிறைந்த ஊதியம். அந்நகரின் பௌ பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், அலுவலகம் செல்லும் முன் காலையிலும், அலுவலகம் முடிந்தபின் மாலையிலும் இரவிலும் அவர் ஆராய்ச்சி செய்துவந்தார். இடையில் அலுவல் காரணமாக இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் செல்ல நேர்ந்த காலம் தவிர, ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. ஊதியம் அரசுப் பணியில் பெற்றதைவிட மிகக் குறைவு. எனினும் அதை ஏற்று அரசுப் பணியை விட்டார். 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பெற்றது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவரிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தேர்வு ஒரே நாளில் நிகழ வேண்டுவதில்லை. சோற்றுக்கு ஒரு வழியும் உள்ளத்துக்கு ஒரு வழியுமாக அவர் பத்தாண்டு நடந்தார். ஆனால் அப்பத்தாண்டும் தயக்கத்தில் கழிந்தவை அல்ல, பயிற்சியில் கழிந்தவை. அதனாலேயே வாயில் திறந்தபோது உள்ளே புகும் தகுதி அவரிடம் இருந்தது. இரண்டாவது, அவர் இசையின் மேல் கொண்டிருந்த விருப்பம். அதை அவர் விட்டுவிடவில்லை. இயற்பியலுக்குள் அழைத்து வந்தார். வயலின் நரம்பு வில்லினால் எவ்வாறு அதிர்கிறது என்று ஆராய்ந்தார். மிருதங்கத்தையும் ஆராய்ந்தார்.

மிருதங்கம் பற்றிய அவ்வாராய்ச்சி கேட்கத்தக்கது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் பல அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால் நம் செவி அதனை ஓசையாகக் கேட்கிறதேயன்றிச் சுரமாக உணர்வதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின் நடுவில் கரும்பசை அடுக்கடுக்காக இடப்பெறுகிறது. அப்பசையின் எடை அவ்வதிர்வுகளைத் திருத்தி, ஏறத்தாழ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு எண் விகிதத்தில் நிறுத்திவிடுகிறது. தோல் பாடத் தொடங்குகிறது. பெயர் அறியப்படாத நம் முன்னோர் செவியினால் கண்ட இந்நுட்பத்தை இராமன் 1920 அளவில் அறிவியல் உலகிற்கு விளக்கினார். இயற்பியல் மட்டும் அறிந்தவர் அக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். இசை மட்டும் அறிந்தவர் அதற்கு விடை கண்டிருக்கமாட்டார்.

இனி, இதற்கு மறுபுறமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒன்றிலேயே மூழ்கி மற்றவற்றை அறவே புறக்கணித்தாலும் துன்பம் நேரும். கணிதமேதை இராமானுஜன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் ஏனைய பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பட்டம் பெறாமலே வறுமையில் அலைந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஆனார். 1914-இல் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தது உண்மையே. ஆயினும் அவர் பட்ட வறுமையை நாம் பின்பற்ற வேண்டிய நெறியாகக் கொள்ளலாகாது. உங்கள் வழியைத் தேர்ந்த பின்னும், அவ்வழியில் நடக்க வேண்டிய குறைந்த அளவுத் தகுதிகளைப் பெறத் தவறாதீர்கள். பிடிக்காத பாடத்தில் தேறுவதும் பிடித்த பாடத்திற்குச் செய்யும் தொண்டே.

"எங்களால் ஒன்றோடு நிற்கவே இயலாது, பலவற்றையும் செய்தே தீருவோம்" என்பாரும் உங்களுள் இருக்கக்கூடும். அவர்களுக்கும் முன்னோடிகள் உண்டு. தென்காசிக்கு அருகில் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியர், சித்த மருத்துவர், புகைப்படக் கலை பயின்றவர், தஞ்சையை அடுத்துக் கருணானந்தபுரம் என்னும் பெரும் பண்ணையை அமைத்த உழவர், இசை ஆராய்ச்சியாளர். இவ்வளவு துறைகளில் புகுந்தவர் சிதறிப் போகவில்லை. ஏன்? அவர் மருத்துவத்தால் ஈட்டிய பொருள் இசைக்குப் பயன்பட்டது. 1912-இல் அவர் நிறுவிய சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் மாநாடுகளைத் தம் செலவிலேயே நடத்தினார். தமிழிசையின் சுருதிகளைப் பற்றிய அவர் ஆராய்ச்சி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலாய் வெளிவந்தது. துறைகள் பலவாயினும் அவை ஒன்றுக்கொன்று துணை நின்றன.

அண்மைக் காலத்தில் பெ. தூரன் அவர்களைக் கூறலாம். கல்லூரியில் கணிதம் பயின்றவர், பள்ளி ஆசிரியர், கவிஞர், சிறுகதையும் நாடகமும் எழுதியவர், இன்றும் மேடைகளில் பாடப்பெறும் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றியவர். இத்தனையும் அறிந்த ஒருவருக்கு எந்த வேலை பொருந்தும்? தமிழ் வளர்ச்சிக் கழகம் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட முனைந்தது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார் தூரன். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. அறிவியற் கட்டுரையையும் இசைக் கட்டுரையையும் ஒருங்கே படித்துத் திருத்தக்கூடிய ஒருவர் வேண்டும் என்று அப்பணியே கேட்டது. பலவற்றில் புகுந்த மனம் அங்கே குறையாகவில்லை, தகுதியாயிற்று. ஆனால் அப்பணிக்கும் தூரன் தம் வாழ்நாளின் நெடிய பகுதியை அளிக்க வேண்டியிருந்தது என்பதை மறவாதீர்கள்.

பெரியோர் வரலாறு நமக்கு எட்டாத உயரத்தில் இருப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். எனவே எங்கள் ஊருக்கே திரும்புகிறேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்குள்ள டூல் ரூம் ஒன்றில், மாணவரின் தந்தையார் டை செய்யும் தொழிலாளி என்று கூறினேனல்லவா? டை என்பது இரும்புத் தகட்டை வேண்டிய வடிவில் அழுத்தி வெட்டும் அச்சு. அதனைச் செய்பவர் முதலில் வரைபடத்தைப் படிக்க வேண்டும். அதற்கு ஓவியனின் கண் வேண்டும். அளவுகளைக் கணக்கிட வேண்டும். மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தாலும் பொருள் கெடலாம். இறுதியில் அரத்தால் இராவிப் பொருத்த வேண்டும்; அதற்குக் கையின் நுண்ணுணர்வு வேண்டும். ஓவியம், கணக்கு, கைத்திறன் மூன்றும் ஒரு மனிதரின் ஒரு வேலையில் கூடியுள்ளன. தம் மகனின் திறமைகள் எங்கிருந்து வந்தன என்று அத்தந்தை ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. மகனும் எண்ணவில்லை. தந்தை ஒரு தொழில் மட்டுமே தெரிந்தவர் என்று அவர் நினைத்திருந்தார்.

ஏரியும் ஒரு பாடம் கூறுகிறது. மழை எங்கும் பெய்கிறது. அது திறமை போன்றது, கேளாமலே வருவது. கரை ஒன்று அமைந்தால்தான் நீர் தேங்குகிறது. மதகு வழியே அளவாக விட்டால்தான் வயலுக்குப் பயன்படுகிறது. எல்லா மதகுகளையும் ஒரே நாளில் திறந்துவிட்ட ஏரி அறுவடைக்கு முன்னரே வறண்டுவிடும். மிகுந்த நீரோ வீணாவதில்லை. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் மிகைநீர் கலங்கல் வழியே கொரட்டூர் ஏரிக்கு வரும். இது நிறைந்தால் இரட்டை ஏரிக்குச் செல்லும். முன்னோர் இவற்றைச் சங்கிலியாகவே அமைத்தனர். இன்று கொரட்டூர் ஏரியின் கீழிருந்த வயல்கள் வீடுகளாய் மாறிவிட்டன. எனினும் அவ்வமைப்பின் அறிவு மாறவில்லை. முதலேரி நிறையட்டும், மிகுவது அடுத்ததை நிரப்பும்.

இனி, தேர்வு செய்யும் நாளில் உங்களுக்குத் துணையாகச் சில வினாக்களைத் தருகிறேன்.

முதல் வினா: இத்துறையின் சுவையற்ற பகுதியையும் நான் செய்வேனா? மேடையில் வாசிப்பதை விரும்புவோர் பலர். ஒரே பாடக்கையை நாள்தோறும் ஆயிரம் முறை தட்டுவதை விரும்புவோர் சிலர். ஏட்டுச்சுவடியைப் போற்றுவோர் பலர். செல்லரித்த எழுத்துகளை ஒப்புநோக்கிப் பல படிகளின் பாடவேறுபாடு குறிப்போர் சிலர். எத்துறையின் சலிப்பை உங்களால் தாங்க இயலுமோ, அத்துறை உங்களுடையது.

இரண்டாம் வினா: யாரும் பாராட்டாவிடினும் இதைச் செய்வேனா? பரிசுகளை ஒரு கணம் மறந்துவிட்டு இதற்கு விடை காணுங்கள்.

மூன்றாம் வினா: இதனால் யாருக்கு என்ன பணி நிறைவேறும்? உங்களைச் சுற்றி எது செய்யப்படாமல் கிடக்கிறது என்று பாருங்கள். சாமிநாதையருக்கு வழி காட்டியது அவர் திறமை அன்று. பதிப்பிக்கப்படாமல் கிடந்த நூல்.

நான்காம் வினா: பின்னர்த் திரும்பி வர எளிதானது எது, அரிதானது எது? சில கலைகளை நாற்பது வயதிலும் தொடரலாம். சில படிப்புகளுக்கு வாயில் இளமையிலேயே அடைபட்டுவிடும். குடும்பத்தின் நிலையையும் இவ்விடத்தில் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். அது கோழைத்தனம் அன்று. இராமன் செய்ததும் அதுவே.

இந்நான்கிற்கும் விடை கண்டபின் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு துணியுங்கள். திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்தார். வினைத்திட்பம் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. அதன்பின் வேண்டுவது உறுதி. துணிந்த பின் இரண்டாண்டுக் காலம் மற்ற வழிகளைத் திரும்பிப் பாராதிருங்கள். நட்ட செடியை நாள்தோறும் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பவன் வீட்டில் மரம் வளராது.

அம்மாணவர் சில நாள் கழித்து மீண்டும் வந்தார். நான் கேட்கச் சொன்ன வினாக்களைத் தாமே எழுதிப் பார்த்திருந்தார். "ஐயா, நான் படம் வரைவது பிறர் காண்பதற்காகவே என்று தெரிந்துகொண்டேன். ஆனால் கணக்கு ஒன்று வராவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதை யாரும் பார்ப்பதுமில்லை" என்றார். கணிதப் படிவத்தை நிரப்பியிருந்தார். மற்ற மூன்றையும் கிழித்துவிட்டீரா, தம்பி, என்று கேட்டேன். "இல்லை, ஐயா, மடித்து வைத்திருக்கிறேன்" என்றார்.

அவர் முகத்தில் மகிழ்ச்சி மட்டும் இருந்தது என்று நான் கூறமாட்டேன். சிறிது வருத்தமும் இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும். விலை கொடுத்து வாங்கியவனுக்கே பொருளின் அருமை தெரியும். அன்று மாலை அவர் வீட்டு மாடியிலிருந்து மிருதங்க ஒலி கேட்டது. முன்போல் மூன்று மணி நேரம் அல்ல. ஏறத்தாழ ஒரு மணி நேரம். நானும் உள்ளே சென்று, பல்லாண்டுகளாய் மூடிக்கிடந்த வயலின் பெட்டியை எடுத்துத் தூசி துடைத்தேன்.